மூன்றாம் நாள் வலி

நடைப்பயிற்சி தொடங்கிய பலரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும் தசைவலி ஏன் வருகிறது, எதனால் தணிகிறது, எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, கொழுப்பு எல்லையைத் தொட்டுவிட்டது என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் சொல்கிறார்: “நடங்க.” அடுத்த திங்கட்கிழமை புது ஷூ, ஐந்தரை மணி அலாரம், பூங்காவில் ஐந்து சுற்று. முதல் நாள் உற்சாகமாக முடிகிறது. மறுநாள் தொடை லேசாக இறுகியிருக்கிறது. பரவாயில்லை என்று அன்றும் ஐந்து சுற்று. மூன்றாம் நாள் காலையில் கட்டிலைவிட்டு எழவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கெண்டைக்காலில் விரல் பட்டாலே சுருக்கென்கிறது. மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாகக் கால்வைத்து இறங்க வேண்டியிருக்கிறது. “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல். நான்காம் நாள் அலாரம் அடிக்கிறது. கை தானாகப் போய் அதை அணைக்கிறது.

நடையை விட்டவர்களைக் கேட்டால் நேரமில்லை, மழை பிடித்துக்கொண்டது, ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது என்று காரணங்கள் வரும். கொஞ்சம் துருவினால், பலரிடம் அந்த முதல் வாரத்துக் கால்வலி வெளியே வரும். இத்தனைக்கும் அது தானாக வந்து தானாகப் போகிற வலி. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் சுவடு இல்லாமல் மறைந்துவிடும். அதை நோய் என்று நினைத்துப் படுத்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அதே ஐந்து சுற்றை முடித்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்புமே கொஞ்ச நாளில் பூங்காவில் தென்படுவதில்லை. வலிக்கிற நாளில் நடையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, ஆனால் வாசல் தாண்டி வெளியே வந்துவிடுகிறவர்கள்தான் நிலைக்கிறார்கள். எளிமையான இந்த யோசனைக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி இருக்கிறது.

இது இன்று பேச வேண்டிய விஷயம்தான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மெரினா, கோவை ரேஸ்கோர்ஸ் என்று விடியும் முன்பே ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். எங்கே நடப்பது என்பதற்கு வழி பிறந்துவிட்டது. எவ்வளவில் தொடங்குவது என்பதைத்தான் புதிதாக வருகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

பழி சுமந்த லாக்டிக் அமிலம்

“லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கும், ரெண்டு நாள்ல கரைஞ்சிடும்.” ஜிம் பயிற்சியாளர் முதல் பக்கத்து வீட்டு மாமா வரை எல்லோரும் சொல்லும் விளக்கம் இதுதான். கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் லாக்டேட் கூடுவது உண்மை. ஆனால் உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் அது ஏறத்தாழ பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயமும் தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. திங்கட்கிழமை காலையில் உருவாகி, அன்று காலைச் சிற்றுண்டிக்கு முன்பே தீர்ந்துபோனது புதன்கிழமை எப்படி வலிக்கும்?

1983-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். டிரெட்மில்லில் சமதளமாக 45 நிமிட ஓட்டம், இறக்கமாகச் சாய்த்து 45 நிமிட ஓட்டம் என இரண்டையும் ஒப்பிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் ஏறியது. பிறகு வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டேட் அசையக்கூட இல்லை; அடுத்த நாட்களில் தசைகள் கடுமையாக வலித்தன. லாக்டிக் அமிலத்தின் மீதான குற்றச்சாட்டு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாற்பதாண்டு கழித்தும் பூங்கா பெஞ்சுகளில் அது உயிரோடு இருக்கிறது.

உண்மைக் காரணத்தை அந்தச் சோதனைக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஊகித்திருந்தார். பாஸ்டனில் இருந்த உடலியலாளர் தியோடர் ஹஃப், விரல் தசைகளைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கிப் பார்த்துவிட்டு, பழக்கமில்லாத உழைப்பில் தசைக்குள் நேரும் மிகச்சிறு கிழிசல்களே இந்த வலிக்குக் காரணமாக இருக்கும் என்று 1902-ல் எழுதினார். 1981-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், மாடிப்படிகளைத் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் கெண்டைக்காலிலிருந்து துணுக்கு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசை நாருக்குள் வரிசையாக நிற்க வேண்டிய நுண்ணிய தடுப்புக் கோடுகள் அங்கங்கே குலைந்திருந்தன.

இந்தக் குலைவு நடந்த அந்த நிமிடத்தில் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. உடல் அதைச் சரிசெய்யத் தொடங்கும்போதுதான் அங்கே லேசாக நீர் கோக்கிறது. சில வேதிப்பொருட்கள் சுரந்து நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. வழக்கமாக வலிக்காத தொடுகையும் அசைவும் அப்போது வலியாகத் தெரிகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால் வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குகிறது. தாமதித்துத் தொடங்கும் தசைவலி என்ற பொருளில் மருத்துவ உலகம் இதை ‘டாம்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கிறது.

ஏற்றம் களைப்பு, இறக்கம் வலி

சமதளத்துக்கும் இறக்கத்துக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? படி ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது, உடம்பு தடாலென்று கீழே போகாமல் இருக்க, அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மாடியிலிருந்து மூட்டையைக் கயிறு கட்டி இறக்குகிறவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதைப் போன்ற வேலை இது. தசை நார் குலைவது பெரும்பாலும் இப்படி நீண்டபடி இழுத்துப் பிடிக்கும்போதுதான். இறக்கத்தில் மூச்சு வாங்காது, வியர்வையும் குறைவு. அதனால் ‘இது ஒன்றுமில்லை’ என்று ஏமாந்துபோகிறோம்.

வெள்ளியங்கிரி போய் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏழு மலை ஏறும்போது நுரையீரல் கெஞ்சும். இறங்கும்போது தொடை நடுங்கும். பக்தர்கள் கையில் இருக்கும் மூங்கில் தடி, இறக்கத்தில் கால் தாங்க வேண்டிய எடையில் ஒரு பங்கைக் கைக்கும் தோளுக்கும் மாற்றிவிடுகிறது. பழனியிலும் சோளிங்கரிலும் ஏறிய படிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மறுநாள் வலிக்குக் காரணம் இறங்கிய படிகள்.

பூங்காவின் சமதளத்தில் மட்டும் என்ன நடக்கிறது? அங்கேயும் ஒவ்வொரு அடியிலும் ஒரு சின்ன இறக்கம் ஒளிந்திருக்கிறது. குதிகால் தரையைத் தொட்டதும் பாதம் பட்டென்று அறையாமல் முன்காலின் தசை அதை மெதுவாகக் கீழே விடுகிறது. முழங்கால் மடங்கிப்போகாமல் தொடை பிடிக்கிறது. உடம்பு முன்னால் சாயும்போது கெண்டைக்கால் அதைக் கட்டுப்படுத்துகிறது. இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இடுப்பின் பக்கவாட்டுத் தசை தாங்குகிறது. நிமிடத்துக்கு நூறு அடி என்ற வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் மூவாயிரம் அடி. ஒவ்வொரு காலும் ஆயிரத்து ஐந்நூறு முறை இந்த வேலையைச் செய்திருக்கிறது. பத்து வருடம் நாற்காலியில் இருந்த காலுக்கு அது பெரிய எண்ணிக்கை.

“நாள் முழுக்க வீட்டு வேலை செய்றேன், எனக்கு எதுக்கு வலிக்கணும்?” என்று பல பெண்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது இடுப்புக்கும் பாதத்துக்கும் சுமை. ஆனால் எட்டி நடந்து, குதிகால் ஊன்றி, உந்தித் தள்ளுவது வேறு வேலை. தசைக்குப் பழக்கம் என்பது அந்தந்த வேலைக்கு மட்டுமே உரியது.

எங்கே வலிக்கிறது?

வலிக்கிற இடத்தை வைத்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டிக் கடுக்கிறதா? வேகத்தை அவசரமாகக் கூட்டியிருப்பீர்கள், அல்லது நீளமாக எட்டு வைத்து நடந்திருப்பீர்கள். சிறிய எட்டுகளாக வைத்தால் பாதி சரியாகும். தொடையின் முன்பக்கம் என்றால் படிகளும் மேம்பால இறக்கமும் காரணமாக இருக்கலாம்.

கெண்டைக்கால் என்றால் கடற்கரை மணலைச் சந்தேகியுங்கள். மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றல் செலவாகும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஊன்றிய கால் புதைந்து சறுக்குவதால் கெண்டைக்கால் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக உழைக்கிறது. மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ புதிதாக நடக்க வருகிறவர்கள் முதல் மாதம் நடைபாதையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊர்ப் பூங்காக்களில் எட்டு வடிவத் தடம் போட்டிருக்கிறார்கள். அதில் திரும்பித் திரும்பி நடப்பதால் இடுப்பின் பக்கவாட்டுக்கும் கணுக்காலுக்கும் வேலை அதிகம். முதல் நாளே அரை மணி நேரம் எட்டு போட்டால் மறுநாள் இடுப்பு பேசும். கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பதை, பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் அறவே தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு வலியைவிட வலி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. நடந்து முடித்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது கட்டாயம். ஹவாய் செருப்பும் வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் கவ்விக்கொண்டே இருப்பதால் பாதமும் முன்காலும் சீக்கிரம் களைத்துவிடும். விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. முன்னால் விரல்கள் நெருக்கப்படாமலும் பின்னால் குதிகால் ஆடாமலும் இருந்தால் போதும்.

உடம்பு மறப்பதில்லை

இந்த ஆராய்ச்சியில் புதிதாக நடப்பவருக்கு மிகவும் பயன்படும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. ஒருமுறை இப்படிக் குலைந்து சரியான தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. தசை நாரின் அமைப்பும், அதை இயக்கும் நரம்பின் கட்டளையும், சுற்றியிருக்கும் இணைப்புத் திசுவும் தங்களை மாற்றிக்கொண்டுவிடுகின்றன. இந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நிற்கிறது. சில ஆய்வுகளில் அதன் அடையாளங்கள் 6 மாதம் வரைகூடத் தெரிந்தன.

இதைவிட முக்கியமான செய்தி: இந்தப் பாதுகாப்பைப் பெறக் கடும் வலி தேவையில்லை. மிக லேசான உழைப்பே, பின்னால் வரும் கடின உழைப்பின் பாதிப்பைக் குறைத்துவிடுகிறது என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. முதல் நாள் பத்து நிமிடம் நடந்தவருக்கு, மூன்று வாரம் கழித்து வரும் முப்பது நிமிடத்துக்கான முன்னேற்பாடு அன்றே தொடங்கிவிடுகிறது. முதல் நாளே ஐந்து சுற்று போனவருக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் நான்கு நாள் வலியை விலையாகக் கொடுத்த பிறகு. அந்த நான்கு நாளில் மனம் மாறிவிட்டால் பாதுகாப்பு இருந்தும் பயனில்லை.

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிப் பாதயாத்திரை போகிறவர்களில் ஆண்டுதோறும் போய்ப் பழகியவர்கள், புறப்படுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே தினமும் கொஞ்சம் நடந்து காலைப் பழக்குவது இதனால்தான். மாலை போட்ட மறுநாள் திடீரென்று நடையைத் தொடங்கும் இளைஞர்கள், வயதில் மூத்தவர்களைவிட முதலில் சுருண்டு விழுவதும் இதனால்தான். கால் வயதைப் பார்ப்பதைவிடப் பழக்கத்தைப் பார்க்கிறது.

ஒத்தடம், தைலம், மாத்திரை

வலி வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதல் மருந்து, லேசான அசைவு. சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் வலி அப்போதைக்குத் தணியும். நின்றதும் கொஞ்சம் திரும்பி வரலாம். அதனால் கெடுதல் இல்லை. நடக்க நடக்க வலி குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டிய குறி. குறைந்தால் அன்றைய நடையைப் பாதி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கூடினால் வீடு திரும்பி ஒருநாள் ஓய்வெடுங்கள். வலி இருக்கும் நாட்களில் தசையின் பலமும் சற்றுக் குறைந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வயதானவர்கள் அந்த நாட்களில் படி இறங்கும்போது கைப்பிடியை விடக் கூடாது.

நீவி விடுவதற்குப் பலன் உண்டு. 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, இந்த வலியைக் குறைக்கும் வழிகளில் மசாஜுக்கு முதலிடம் கொடுத்தது. நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, பாதத்திலிருந்து தொடை நோக்கி மென்மையாக நீவினால் போதும். பேரப்பிள்ளைகளைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு; ஏற்கெனவே நைந்திருக்கும் தசைக்கு அந்த வைத்தியம் அதிகப்படி.

ஒத்தடத்தில் வெந்நீரா, ஐஸா என்ற பட்டிமன்றம் முடிவதில்லை. இரண்டுமே ஓரளவு இதம் தரும். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்யலாம். சூட்டை உணரும் திறன் குறைந்த சர்க்கரை நோயாளிகள், வெந்நீரின் சூட்டை வீட்டில் இன்னொருவர் கை வைத்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் காலை நடைக்காரர்கள் சுற்றிவரும் நாகேஸ்வர ராவ் பூங்கா, 1893-ல் அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கியது. அவர் காலத்திலிருந்து இன்றுவரை தைலம் இல்லாத தமிழ் வீடு அபூர்வம். தைலத்தில் இருக்கும் மென்தால் போன்றவை, தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி வலிச் செய்தியை மங்கச் செய்கின்றன. உள்ளே தசையைச் சரிசெய்யும் வேலை அவற்றுடையது அல்ல. தூங்க உதவினால் தாராளமாகத் தடவிக்கொள்ளலாம். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை மட்டும் வைக்கக் கூடாது, தோல் புண்ணாகிவிடும்.

உடலை வளைத்து நீட்டும் ஸ்ட்ரெச்சிங் பயிற்சிகள் இந்த வலியைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஆராய்ச்சிகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2011-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பயிற்சிக்கு முன்போ பின்போ அதைச் செய்தாலும் வலியில் பொருட்படுத்தும்படியான குறைவு இல்லை என்று சொல்லிவிட்டது. உடம்பு இலகுவாவதற்காகச் செய்யலாம். வலிக்கு மருந்தாக அதை நம்ப வேண்டாம். மெதுவாக ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வேகமெடுப்பதே போதுமான தயாரிப்பு.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையில் எச்சரிக்கை வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபன் வகை மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைச் சோர்வாக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நடையைத் தொடங்கச் சொன்ன காரணமே சர்க்கரையும் அழுத்தமும் என்றால், அந்த மாத்திரை இருப்பதைக் கெடுத்துவிடும். வலியை மறைக்க முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பது இன்னும் மோசம்.

மஞ்சள் பால்? மஞ்சளில் உள்ள குர்குமின் வலியைச் சற்றுக் குறைப்பதாகச் சில சிறிய சோதனைகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் கொடுத்தது செறிவூட்டிய மாத்திரைகள். பாலில் போடும் ஒரு சிட்டிகையோடு அதை ஒப்பிட முடியாது. தசையைச் சரிசெய்யப் புரதம்தான் மூலப்பொருள். எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். இட்லி, சாதம், ரசம் என்று ஓடும் நாளில் அது எட்டுவது கடினம். சுண்டல், பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

பத்தாயிரம் யார் சொன்னது?

முதல் நாளே பலரை அளவு மீற வைப்பது கைக்கடிகாரத்தில் மின்னும் 10,000 என்ற எண். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியபோது, யமாசா என்ற நிறுவனம் 1965-ல் அடிகளை எண்ணும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘மேன்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடிமானி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வியாபாரத்துக்கு வைத்த அந்தப் பெயர் பிறகு உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் 41 சதவிகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. உட்கார்ந்தே இருந்தவர் எடுத்து வைக்கும் முதல் சில அடிகளில்தான் லாபம் அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும் என்று அதன் 2020 வழிகாட்டுதல் தெளிவாக்கிவிட்டது. வலிக்குப் பயந்தவருக்கு இது வரம்.

முதல் வாரம்: காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். சமதளம். பக்கத்தில் வருகிறவரோடு சிரமமில்லாமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகம். சாப்பிட்ட பிறகு இந்தப் பத்து நிமிடத்தை நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் மட்டுப்படும்.

இரண்டாம் வாரம்: ஒரே நடையாக இருபது நிமிடம். வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

மூன்றாம் வாரம்: அதே இருபது நிமிடம். நடுவில் ஐந்து நிமிடம் மட்டும் கொஞ்சம் வேகமாக. பேசலாம், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு.

நான்காம் வாரம்: முப்பது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். 150 நிமிடக் கணக்கு இங்கே நிறைவாகிறது.

இதில் ஒரே ஒரு விதிதான் கண்டிப்பானது. நேரம், வேகம், ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். வலி வந்தால் முந்தைய வாரத்துக்குத் திரும்புங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. இன்சுலினோ, சர்க்கரையைத் திடீரென்று இறக்கக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும்; நேரத்தைக் கூட்டும்முன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

இன்னொன்று: புதிதாக நடக்கத் தொடங்கிய வாரத்தில் முழு உடல் பரிசோதனைக்குப் போகாதீர்கள். வலிக்கும் தசையிலிருந்து கசியும் சில நொதிகள் ரத்தத்தில் கூடியிருக்கும். சி.பி.கே., எஸ்.ஜி.ஓ.டி. போன்ற அளவுகள் ஏறி, இதயத்திலோ கல்லீரலிலோ கோளாறு என்ற வீண் கலக்கத்தை உண்டாக்கலாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், நடக்கத் தொடங்கியிருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இவை வேறு வலிகள்

இதுவரை பேசியது இரண்டு கால்களிலும் ஏறத்தாழ சமமாக வந்து, மூன்று நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரத்தில் ஓய்கிற வலியைப் பற்றி. கீழே உள்ளவை அந்தக் கணக்கில் சேராது.

• நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம். தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி. வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், வியர்வை. உடனே நின்று, 108-ஐ அழையுங்கள்.

• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருப்பது. ரத்த நாளத்தில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். நீவவே கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுவது. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

• கடும் வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போவது. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளம் இது. நடையில் அபூர்வம், ஆனால் தாமதிக்கக் கூடாதது.

• காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிப்பது. உள்ளங்கால் சவ்வின் அழற்சியாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

• மூட்டு வீக்கம், அல்லது எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் தாங்க முடியாத வலி.

• பத்து நாள் தாண்டியும் குறையாத தசைவலி. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, வைட்டமின் டி குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் தசையை வலிக்க வைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வலிக்காத நாட்கள்

ஒரு மாதம் கடந்ததும் சிலருக்குப் புதிய சந்தேகம் வரும். “இப்பல்லாம் வலிக்கவே மாட்டேங்குது, பலன் நின்னுபோச்சோ?” வலியைப் பலனுக்கு அத்தாட்சியாகப் பார்க்கும் பழக்கம் ஜிம்களிலிருந்து பூங்காவுக்கும் வந்துவிட்டது. வலி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த வேலை உங்கள் தசைக்குப் புதிது. பத்து ஆண்டு தினமும் நடப்பவரும் ஒருநாள் வெள்ளியங்கிரி போய் வந்தால் மறுநாள் நொண்டத்தான் செய்வார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வருவது, ஒன்றும் பெரிதாக நடக்காததுபோல் தோன்றும் அந்தச் சாதாரண நடைகளால்தான்.

ஆகவே இரண்டாவது மாதத்தில் வலியைத் தேடிப் போகாமல், பலத்தைச் சேர்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் நடையோடு வாரத்தில் இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. அதற்குக் கருவிகள் வேண்டாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்து முறை உயர்த்தி மெதுவாக இறக்குவது, வீட்டு மாடிப்படியில் ஒரு மாடி நிதானமாக இறங்குவது ஆகிய மூன்றும் போதும். மூன்றிலும் கீழே வரும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பயிற்சி அங்கேதான் இருக்கிறது. அடுத்த தைப்பூசத்துக்குப் பழனி போகும் எண்ணம் இருந்தால் இதை மார்கழித் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். மலையிலிருந்து இறங்கி வந்த மறுநாளும் வழக்கமான நேரத்துக்கு நடக்கப் போகலாம். அன்றைக்கு மட்டும் பாதி நேரம்.